எது கூச்சல்?
(ஒரு வாசகசாலைக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் ஒரே ஒரு வார்த்தையைப் பற்றியதாகும். கடவுளைப் பற்றியோ, கோவிலைப் பற்றியோ, சாஸ்திரத்தைப் பற்றியோ பேச வேண்டும் என்று நாம் எண்ணி வரவில்லை. பேச்சின் நடுவில் அவைகள் தாமாக வந்து விழுமானால் அதற்கு நாம் ஜவாப்தாரியல்ல. அந்த வார்த்தை "கூச்சல்" என்பது.

நம்மவர்கள் ஓர் ஊரில் கூட்டம் போட்டுவிட்டு வந்தால், மறுநாள் காலையில் காப்பிக் கடையிலும் கோவில் திண்ணையிலும் என்ன சொல்லுகின்றார்கள்? "நேற்று ராத்திரி சுயமரியாதைக்காரன்கள் வந்து ஒரே கூச்சல்" என்று சொல்லுகின்றார்கள். என்ன பேசினார்கள் என்று கேட்டால் அதற்குப் பதில் இருக்காது. பேசியது சரியா தப்பா என்று கேட்டாலும் பதில் இருக்காது. "கூச்சல்" என்று ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டபடியால் இரண்டு மணி நேரம் பேசிய பேச்சுக்கு ஜவாப் சொல்லியாகிவிட்டது என்பது அவர்களுடைய எண்ணம். ஆகவே ஒரு முழு வாதத்துக்குப் பதிலாக உபயோகப்படக்கூடிய அவ்வளவு பலம் வாய்ந்த வார்த்தையை நாம் சற்று உரித்துப் பார்க்க வேண்டாமா?

முதலாவது, அந்த வார்த்தை பிறந்த வீடு எது என்று பார்ப்போம். "கூ" என்பதுதான் அதன் அடி. கூவு, கூப்பிடு, கூப்பாடு, கூச்சல் இவையெல்லாம் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். சாப்பிடுவது சாப்பாடு ஆனதுபோல, கூப்பிடுவதுதான் கூப்பாடு. அதாவது, ஒருவன் இன்னொருவனை அழைக்கின்றான் என்பதற்கு மேல் ஆதியில் அதற்கு ஒரு கெட்ட அர்த்தமும் கிடையாது. தூரத்தை அளப்பதற்குக்கூட நம் ஜனங்கள் அதை உபயோகித்தார்கள். "எங்கள் வயல் ஒரு கூப்பிடு தூரம்தான்" என்று இன்றைக்கும் கிராமத்தில் சொல்லுவது உண்டு. ஒரு மனிதன் குரல் கொடுத்தால் இன்னொரு மனிதன் காதில் விழும் தூரம் என்பது அதன் பொருள். ஆனால் அழைக்கப்பட்டவன் திரும்பிப் பார்க்காமலும், பதில் சொல்லாமலும் நடந்துகொண்டே இருந்தால் அழைத்தவன் என்ன செய்வான்? இன்னும் கொஞ்சம் உரக்கக் கூப்பிடுவான். அதற்கும் திரும்பாவிட்டால் கோபத்தோடு கூப்பிடுவான். அப்போது நடந்துபோகிறவன் சொல்லுவான், "என்னடா இவன் கூச்சல் போடுகிறான்" என்று. எனவே கூச்சல் என்பது கேட்கப்படாத கூப்பாடு என்றுதான் நாம் அர்த்தம் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

இன்னொரு வேடிக்கையைப் பாருங்கள். கோபமாக உரக்கப் பேசுவது என்கின்ற ஒரே காரியத்துக்குத் தமிழில் எத்தனை வார்த்தைகள் இருக்கின்றன! அவைகளை யார் யாருக்கு எப்படிப் பங்கிட்டுக் கொடுத்திருக்கின்றோம் என்பதைக் கவனித்தால் அதற்குள்ளும் ஒரு வர்ணாசிரம தர்மம் இருப்பது தெரியும். மிராசுதார் உரக்கப் பேசினால் "அதட்டினார்". உத்தியோகஸ்தர் உரக்கப் பேசினால் "கண்டித்தார்". பெரிய தலைவர் மேடையில் உரக்கப் பேசினால் "கர்ஜித்தார்", "முழங்கினார்". வக்கீல் உரக்கப் பேசினால் "வாதாடினார்". வீட்டில் தகப்பனார் உரக்கப் பேசினால் "அப்பா சத்தம் போட்டார்" என்று மரியாதையாகச் சொல்லுகின்றோம். அதே வீட்டில் அதே விஷயத்துக்காகத் தாயார் உரக்கப் பேசினால் "அம்மா கத்துகிறாள்" என்கின்றோம். கத்துவது எது? தவளை கத்தும், கழுதை கத்தும், காக்கை கத்தும். கூலிக்காரன் உரக்கப் பேசினால் "குரைக்கிறான்" என்கின்றார்கள். தலைவருக்குச் சிங்கம், தாயாருக்குத் தவளை, கூலிக்காரனுக்கு நாய். மிருகங்களைக்கூட நம் ஜனங்கள் ஜாதி பிரித்துத்தான் வைத்திருக்கின்றார்கள்!

ரிஷிகளை மறந்துவிட்டோமே. புராணங்களில் துர்வாசர் என்று ஒருவர் வருகிறார். அவர் செய்த வேலை என்ன? போன இடத்தில் எல்லாம் கோபித்துக்கொண்டு வாய்க்கு வந்ததைச் சொன்னதுதான். சகுந்தலை தன் நினைவாக உட்கார்ந்திருந்தாள், வாசலில் வந்து நின்ற தன்னைக் கவனிக்கவில்லை என்பதற்காக அந்தப் பெண்ணின் வாழ்வையே கெடுத்தார் என்று காளிதாசன் நாடகம் எழுதியிருக்கிறான். இதை யாராவது கூச்சல் என்று சொன்னார்களா? "சாபம்" என்று சொன்னார்கள். ஒரு சாதாரண மனிதன் பிச்சைக்கு வந்து, வீட்டுக்காரி உடனே எழுந்து வரவில்லை என்று அப்படிப் பேசியிருந்தால் தெருவிலுள்ளவர்கள் சேர்ந்து அவனைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளியிருப்பார்கள்.

பாமர ஜனங்களுக்கு இந்த ரகசியம் தெரியாது என்றும் நினைத்துவிடாதீர்கள். ஒருவன் கோபத்தில் குதித்துக்கொண்டு கத்தினால், "ஏன்டா சாமியாடுகிறாய்?" என்று கேட்கின்றார்கள். நன்றாகத் திட்டு வாங்கிக்கொண்டு வந்தவனைப் பார்த்து "அர்ச்சனை ஆயிற்றா?" என்கின்றார்கள். அடி வாங்கினால் "பூசை கிடைத்தது" என்கின்றார்கள். திட்டும் அடியும் சேர்ந்து கிடைத்தால் "மண்டகப்படி". இப்படியெல்லாம் பேசக் கற்றுக்கொடுத்தது நாஸ்திகர்கள் அல்ல. பக்தி செய்கின்ற ஜனங்களே பரம்பரையாகப் பேசிவரும் பேச்சு இது. கோவிலில் புரியாத பாஷையில் உரக்கச் சொல்லப்படுவதற்கும், வீட்டில் புரிகின்ற பாஷையில் உரக்கச் சொல்லப்படுவதற்கும் சத்தத்தைப் பொறுத்தவரையில் வித்தியாசமில்லை என்று அவர்கள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். நாம் மேடையில் சொன்னால்தான் கோபம் வருகிறது.

இது நிற்க. கோபப் பேச்சுக்கு விலை போட்டு வைத்திருந்தார்கள் என்பது உங்களில் பலருக்குத் தெரியாமல் இருக்கலாம். மனுதர்ம சாஸ்திரத்தில் 8-வது அத்தியாயத்தில் "வாக்பாருஷ்யம்", அதாவது வார்த்தையினால் தாக்குவது, என்று ஒரு தனிப் பகுதி இருக்கிறது. அதில் ஒரு விலைப்பட்டியல் காணலாம். க்ஷத்திரியன் பிராமணனை வைதால் 100 பணம் அபராதம். வைசியன் வைதால் 150 அல்லது 200 பணம். சூத்திரன் வைதால் பணத்தோடு போகாது, உடம்பில் தண்டனை. இனித் திருப்பிப் பாருங்கள். பிராமணன் க்ஷத்திரியனை வைதால் 50 பணம், வைசியனை வைதால் 25 பணம், சூத்திரனை வைதால் 12 பணம். அதற்கு அடுத்த சுலோகங்களில், உயர்ந்த ஜாதியானைக் கடுமையாக வைத சூத்திரன் நாக்கை அறுக்க வேண்டும் என்றும், பேரையும் ஜாதியையும் சொல்லி இழிவாகப் பேசினால் பத்து விரல் நீளமுள்ள இரும்புக் கம்பியைக் காய்ச்சி வாயில் செருக வேண்டும் என்றும், பிராமணருக்குத் தர்மம் சொல்லிக் கொடுக்கக் கர்வத்தோடு புறப்பட்டால் வாயிலும் காதிலும் எண்ணெயைக் காய்ச்சி ஊற்ற வேண்டும் என்றும் இருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டிய கடைசி விஷயம் ஒன்று. மூன்றாவது குற்றத்தில் வசை ஒன்றும் இல்லை. சத்தமும் இல்லை. "இது நியாயமில்லை, இப்படிச் செய்யுங்கள்" என்று மெதுவாகச் சொன்னாலும் எண்ணெய்தான். அப்படியானால் தண்டனை கூச்சலுக்கா, வாயைத் திறந்ததற்கா? "கொஞ்சம் மெதுவாகப் பேசினால் நாங்கள் கேட்போம்" என்று நமக்குப் புத்தி சொல்லுகின்ற கனவான்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். மெதுவாகப் பேசினவனுக்கு அந்தக் காலத்தில் என்ன வைத்திருந்தார்கள் என்பது அவர்கள் போற்றுகின்ற புஸ்தகத்திலேயே இருக்கிறது. 1927-ஆம் வருஷம் டிசம்பர் 25-ந் தேதி மஹாடில் டாக்டர் அம்பேத்கரும் அவரது தோழர்களும் அந்தப் புஸ்தகத்தைப் பகிரங்கமாகக் கொளுத்தினார்களே, அது ஏதோ ஆத்திரத்தில் செய்த காரியம் என்று யாரும் நினைக்க வேண்டாம். படித்துப் பார்த்துவிட்டுச் செய்த காரியம்.

"அதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய், யார் நாக்கை அறுத்தார்கள்?" என்று சிலர் கேட்கக்கூடும். நல்லது, நடந்த காரியத்துக்கே வருவோம். வர்த்தேமா என்கின்ற இத்தாலிய யாத்திரிகர் மலையாள தேசத்துக்கு வந்து போய் எழுதிய பிரயாண நூல் 1510-இல் அச்சாயிற்று. அங்கே கீழ்ஜாதியார் என்று ஒதுக்கப்பட்டவர்கள் நடந்துபோகும்போது, நாயர்களையோ பிராமணர்களையோ எதிரில் சந்தித்துவிடாமல் இருப்பதற்காக உரத்த குரலில் கூவிக்கொண்டே போக வேண்டியிருந்தது என்று அதில் எழுதியிருக்கிறார். தோழர்களே! இதை நன்றாக யோசித்துப் பாருங்கள். பாதையில் நடப்பவன், "நான் வருகிறேன், நான் வருகிறேன், என்னைப் பார்த்துவிடாதீர்கள்" என்று தன் இழிவைத் தானே பறைசாற்றிக்கொண்டு போக வேண்டும். கூவாமல் மௌனமாகப் போனால் அது குற்றம்! கூப்பிடு தூரம் என்பது ஒருவரை ஒருவர் அழைத்துக்கொள்ளும் தூரமாக இருந்தது போய், ஒருவரை ஒருவர் விலக்கி வைக்கும் தூரமாக அங்கே ஆக்கப்பட்டது. அப்படிக் கூவினதை யாரும் கூச்சல் என்று சொல்லவில்லை. ஆசாரம் என்றார்கள்.

அதே மலையாள தேசத்தில் 1924-ஆம் வருஷம் மார்ச்சு 30-ந் தேதி வைக்கம் கோவிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்க வேண்டும் என்று சத்தியாக்கிரகம் ஆரம்பமாயிற்று. தலைவர்கள் சிறைப்பட்ட பிறகு பெரியார் ஈ.வெ.ரா. அங்கே போனார். இரண்டு தடவை சிறைக்குப் போனார். நாகம்மையார் முதலிய பெண்களும் போய்க் கலந்துகொண்டார்கள். கேட்டது என்ன? நாயும் பன்றியும் நடக்கின்ற தெருவில் மனிதன் நடக்க வேண்டும் என்பது. நானூறு வருஷங்களுக்கு முன்னிருந்து "கூவிக்கொண்டு போ" என்று கட்டளையிட்டவர்கள், கூவாமல் நடக்கிறோம் என்று கேட்டவுடனே "இது என்ன கூச்சல்!" என்று காதைப் பொத்திக்கொண்டார்கள். 1925 முடிவில் கிழக்குப் பாதை தவிர மற்றத் தெருக்கள் திறந்துவிடப்பட்டன. 1936 நவம்பர் 12-ந் தேதி திருவாங்கூரில் கோவில் நுழைவுப் பிரகடனமே வந்தது. கோவிலுக்குள் போவதால் என்ன கிடைக்கும் என்பது நமது தனி அபிப்பிராயம். போகக்கூடாது என்று சொல்ல ஒருவனுக்கும் உரிமையில்லை என்பதுதான் அன்றைய கேள்வி.

உத்தியோக விஷயத்துக்கு வந்தாலும் இதே கதைதான். 1916-ஆம் வருஷக் கடைசியில் பிட்டி தியாகராயச் செட்டியார் பார்ப்பனரல்லாதார் அறிக்கையை வெளியிட்டார். அதில் வசை ஒன்றும் கிடையாது, கணக்குத்தான் இருந்தது. 1913-இல் இந்த மாகாணத்தில் நிரந்தர ஜில்லா முன்சீபுகள் 128 பேர். அதில் 93 பேர் பார்ப்பனர். பார்ப்பனரல்லாத இந்துக்கள் 25 பேர். இந்த எண்களில் எங்கே கூச்சல் இருக்கிறது? காகிதத்தில் மையினால் எழுதிய எண்ணுக்குக் குரல் ஏது? ஆனாலும் அதற்கும் வகுப்புவாதக் கூச்சல், உத்தியோகக் கூப்பாடு என்றுதான் பேர் வைத்தார்கள். பிறகு 1921-இல் வகுப்புவாரி உத்தரவு வந்தது. 1928-இல் முத்தையா முதலியார் மந்திரியாக இருந்து அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். 1950-இல் சென்னை ஐக்கோர்ட்டும், 1951-இல் சுப்ரீம் கோர்ட்டும் அது செல்லாது என்று தீர்ப்பளித்தபோது தமிழ்நாடு முழுவதும் கிளர்ச்சி நடந்தது. அதையும் கூச்சல் என்றார்கள். அதே 1951-இல் அரசியல் சட்டத்துக்கு முதல் திருத்தம் செய்து, பிற்படுத்தப்பட்டவர்களுக்குத் தனி ஏற்பாடு செய்யலாம் என்று 15-வது விதியில் எழுதிச் சேர்த்தார்கள். இன்றைக்கு இந்தியா பூராவும் அந்த வரியின் பலனை அனுபவிக்கின்ற பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அது ஒரு "கூச்சலில்" இருந்து பிறந்தது என்று தெரியும்?

1938-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடங்களில் இந்தியைக் கட்டாயமாக்கினபோது, பள்ளிக்கூடத்து வாசலிலும் தெருவிலும் நின்று தமிழ் வாழ்க என்றும் இந்தி ஒழிக என்றும் சொன்னவர்கள் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் சிறைக்குப் போனார்கள். கையில் தடி இல்லை, கல் இல்லை. வாய்தான் இருந்தது. தெருவில் கூவினதற்குக் கிரிமினல் சட்டம்! திருச்சியிலிருந்து சென்னைக்குக் கால்நடையாகவே ஒரு படை புறப்பட்டது. அதில் மூவாலூர் இராமாமிர்தம் அம்மையாரும் நடந்தார். அவர் 1883-இல் பிறந்தவர் என்றால், அப்போது வயது 55. அந்த வருஷம் நவம்பர் 13-ந் தேதி சென்னையில் கூடிய தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாட்டில்தான் ஈ.வெ.ரா.வைப் பெரியார் என்று அழைப்பது என்று பெண்கள் தீர்மானித்தார்கள். அங்கேயும் மறுநாளும் பேசிய பேச்சுக்காகத்தான் அவர்மேல் வழக்குப் போட்டுச் சிறைக்கு அனுப்பினார்கள். தோழர்கள் நடராஜனும் தாளமுத்துவும் சிறைப்பட்டு நோயுற்று 1939-இல் மாண்டார்கள். 1940 பிப்ரவரி 21-ந் தேதி கட்டாய உத்தரவு வாபஸ் வாங்கப்பட்டது.

இன்னொரு வார்த்தையின் கதையையும் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. "ஆர்ப்பாட்டம்" என்று ஒன்று இருக்கிறதே, அதுவும் ஒரு காலத்தில் வீண் சத்தத்துக்குத்தான் பேர். பிள்ளைகள் வீட்டில் குதித்தால் "என்ன ஆர்ப்பாட்டம்?" என்று அதட்டுவார்கள். இன்றைக்கு அதே வார்த்தையைச் சுவரொட்டியில் பெரிய எழுத்தில் அச்சடித்து, தேதியும் இடமும் போட்டு, தலைமை தாங்குபவர் பேரும் போட்டு ஒட்டுகின்றார்கள். "கண்டன ஆர்ப்பாட்டம்" என்று போலீசாரிடமே எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குகின்றார்கள். வசையாக இருந்த வார்த்தை உரிமையின் பேராக மாறிவிட்டது. அகராதிக்காரர்கள் அதை மாற்றவில்லை. தெருவில் வந்து நின்ற ஜனங்கள் மாற்றினார்கள். ஆதலால் நம்மைக் கூச்சல்காரர்கள் என்று சொன்னால் அதற்காக வெட்கப்பட வேண்டியதும் இல்லை, கோபப்பட வேண்டியதும் இல்லை.

அப்படியானால், கூச்சல் என்று ஒன்று உலகத்தில் கிடையவே கிடையாதா, உரக்கப் பேசுகிறவன் பேசுவதெல்லாம் நியாயமா என்று கேட்டால், அப்படி நாம் சொல்லவில்லை. நிஜமான கூச்சல் இருக்கத்தான் இருக்கிறது. அதைக் கண்டுபிடிப்பதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. பேச்சிலிருந்து சத்தத்தை எடுத்துவிடுங்கள். பேசினதை ஒரு காகிதத்தில் எழுதி, சாவதானமாக உட்கார்ந்து வாசித்துப் பாருங்கள். காரணமும், கணக்கும், நடந்த சம்பவமும் மிஞ்சுமானால் அது பேச்சு. ஒன்றும் மிஞ்சாவிட்டால் அது கூச்சல். இந்தப் பரீட்சையில் தியாகராயர் அறிக்கை தேறும். துர்வாசர் தேறமாட்டார்.

இந்தக் காலத்தில் டெலிவிஷனில் ஐந்து பேரை உட்காரவைத்து ஒரே சமயத்தில் பேசவிடுகின்றார்களே, அதையும் இந்தப் பரீட்சைக்குக் கொண்டுவந்து பாருங்கள். அங்கே பஞ்சமாவது தொண்டை அல்ல. எதிராளி பேசியது யார் காதிலும் விழாமல் செய்வதற்கு மாத்திரம் ஒருவன் உரக்கப் பேசினால், அவன் ராஜாவானாலும் சரி, பண்டிதனானாலும் சரி, அதுதான் கூச்சல். நம்முடைய மேடையில் ஏறுகின்ற இளைஞர்கள் சிலருக்கும் இந்த வியாதி உண்டு. ஒலிபெருக்கி முன்னால் நின்றுகொண்டு, ஒலிபெருக்கி என்கின்ற ஒரு சாதனமே கண்டுபிடிக்கப்படவில்லை என்பதுபோலத் தொண்டை நரம்பு புடைக்கக் கத்துகின்றார்கள். கை தட்டுகின்றார்கள் என்பதற்காக இன்னும் உரக்கக் கத்துகின்றார்கள். கை தட்டினவன் வீட்டுக்குப் போனதும் என்ன கேட்டாய் என்று அவன் மனைவி கேட்டால் அவனால் ஒன்றும் சொல்லமுடிவதில்லை. பெரியாரின் கடைசிப் பேச்சு 1973 டிசம்பர் 19-ந் தேதி சென்னைத் தியாகராய நகரில் நடந்தது. அவருக்கு வயது 94. பேச்சின் நடுவில் வலி தாங்காமல் முனகுவது ஒலிப்பதிவில் கேட்கிறது. முனகிவிட்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடியும் காரணத்தைச் சொல்லுகிறார். அந்தப் பதிவை ஒரு தடவை கேட்கும்படி அந்த இளைஞர்களை நாம் கேட்டுக்கொள்ளுகிறோம். ஐந்து நாட்களில் அவர் மறைந்தார்.

சத்தம் என்றால் சட்டப்படியே என்ன என்று பார்த்தாலும் வேடிக்கைதான். 2000-ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகளின்படி, இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரையில் திறந்த வெளியில் ஒலிபெருக்கி வைக்கக்கூடாது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபலும் இரவில் 45 டெசிபலும் எல்லை. இதை நாம் வரவேற்கின்றோம். பரீட்சைக்குப் படிக்கின்ற பிள்ளைகளும், நோயாளிகளும், வேலை செய்து களைத்தவர்களும் தூங்க வேண்டும். ஆனால் வருஷத்தில் 15 நாட்களுக்கு மேற்படாமல், பண்டிகை, கலாசாரக் காரியங்களுக்காக இரவு 12 மணிவரையில் அனுமதிக்கலாம் என்று 2002-இல் ஒரு வாசல் திறந்து வைத்தார்கள். நம் கூட்டத்தைப் பத்து மணிக்கு முடிக்கும்படி வந்து நிற்கின்ற போலீஸ்காரருக்கு, ஆடி மாதத்தில் விடியற்காலம் ஐந்து மணிக்கே ஊரை எழுப்புகின்ற கூம்புக் குழாய் காதில் விழுவதில்லை. கடவுளுக்குக் காது மந்தமா என்று நாம் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக் கிழவருக்குத் தூக்கம் வேண்டுமே என்றுதான் கேட்கிறோம்.

முடிக்குமுன் வீட்டு விஷயம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இதுவரையில் நாம் சொன்னதற்கெல்லாம் ஆண் தோழர்கள் தலையை ஆட்டிக் கொண்டிருந்தீர்கள். இனி ஆட்டுவீர்களோ என்னவோ.

மேலே சொன்ன மனுதர்மத்தில் 9-வது அத்தியாயத்தில் 81-வது சுலோகம் என்று ஒன்று இருக்கிறது. மனைவியைத் தள்ளிவைத்து வேறு பெண்ணைக் கட்டிக்கொள்வதற்குக் கெடு சொல்லுகின்ற சுலோகம் அது. பிள்ளை பெறாதவளாக இருந்தால் 8 வருஷம் பொறுக்க வேண்டுமாம். பெற்ற பிள்ளைகள் எல்லாம் இறந்துபோனால் 10 வருஷம். பெண் குழந்தைகளாகவே பெற்றுக் கொண்டிருந்தால் 11 வருஷம். அப்பிரியமாகப் பேசுகிறவளாக இருந்தால்? ஒரு நாள்கூடப் பொறுக்க வேண்டியதில்லை, உடனே! பிள்ளை இல்லாததற்கு எட்டு வருஷம் தவணை கொடுக்கத் துணிந்த சாஸ்திரம், எதிர்த்துப் பேசுகின்ற வாய்க்கு ஒரு பொழுதுகூடத் தவணை கொடுக்கவில்லை. பெண்ணின் எந்த அங்கத்தைக் கண்டு அந்தச் சாஸ்திரக்காரன் அதிகமாகப் பயந்தான் என்பது இதிலிருந்து விளங்கவில்லையா?

சட்டம் மாறிவிட்டது. 1949-இல் சென்னை மாகாணத்திலும் 1955-இல் இந்தியா முழுவதிலும் இந்துக்களுக்குள் ஒருவன் இரண்டு பெண்ணைக் கட்டுவது தடுக்கப்பட்டது. 1989-இல் வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், இப்போது உள்ள நிலையில், தாழ்த்தப்பட்டவரையோ பழங்குடியினரையோ பலர் பார்க்கும்படியான இடத்தில் மற்ற ஜாதியான் ஜாதிப் பேர் சொல்லி வைதால் சிறை என்கிறது. அதாவது மனுவின் விலைப்பட்டியல் தலைகீழாகத் திருப்பப்பட்டுவிட்டது. 2005-இல் வந்த குடும்ப வன்முறைச் சட்டமோ, கையால் அடிப்பது மாத்திரமல்ல, வாயால் இழிவு செய்வதும் வன்முறைதான் என்கிறது. பிள்ளை இல்லை என்றோ, ஆண் பிள்ளை இல்லை என்றோ குத்திக் காட்டுவதையும் அதில் பேர் சொல்லியே சேர்த்திருக்கின்றார்கள். எட்டு வருஷமும் பதினொரு வருஷமும் கெடு வைத்த சுலோகத்துக்கு இதைவிட நேரான ஜவாப் வேறு என்ன வேண்டும்?

ஆனால் சட்டம் மாறினால் போதுமா? நம்முடைய வீட்டில் அந்த 81-வது சுலோகம் இன்னும் குடியிருக்கிறதா இல்லையா என்று ஒவ்வொருவரும் பார்த்துக்கொள்ள வேண்டும். மேடையில் பெண் விடுதலை பேசிவிட்டு இரவு பதினோரு மணிக்கு வீட்டுக்குப் போகின்ற தோழர், இந்த நேரத்துக்கு நாலு பேரைச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு வருகிறாயே, சமைக்கிறவளைப் பற்றி நினைத்தாயா என்று மனைவி கேட்டால் என்ன சொல்லுகிறார்? "ஏன் கூச்சல் போடுகிறாய், அக்கம்பக்கம் கேட்கிறது" என்கிறார். அந்த அம்மாள் கேட்டது நியாயமான கேள்வியா அல்லவா? அதை முதல் தடவை மெதுவாகக் கேட்டாளா, பத்தாவது தடவை உரக்கக் கேட்டாளா? காப்பிக் கடையிலும் கோவில் திண்ணையிலும் நம்மைப் பார்த்து எந்த வார்த்தையைச் சொல்லி வாயை அடைக்கின்றார்களோ, அதே வார்த்தையை நாம் வாங்கிக்கொண்டு போய் வீட்டில் அவள்மேல் வீசினால், கோவில் திண்ணைக்காரனுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? வயலில் கூலி கூட்டிக் கேட்கின்ற பெண்ணையும், குடித்துவிட்டு வந்த புருஷனைக் கேட்கின்ற பெண்ணையும், தகப்பன் சொத்தில் பங்கு கேட்கின்ற பெண்ணையும் "வாயாடி" என்று சொல்லுவது எந்த ஊரிலாவது நின்றிருக்கிறதா? தமிழ்நாட்டில் பெண்களுக்குச் சொத்தில் சம பங்கு என்று 1989-இல் சட்டம் வந்தது. அந்தப் பங்கை வாய்விட்டுக் கேட்டுவிட்டுத் தாய்வீட்டு வாசல் அடைபட்டுப் போன பெண்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கக்கூடும்.

அதனால்தான் இன்று இந்தக் கூட்டத்தில் ஓர் ஏற்பாடு செய்யும்படி தலைவர் அவர்களிடம் முன்னமே கேட்டுக்கொண்டிருக்கிறோம். கேள்வி கேட்கின்ற நேரத்தில் முதல் அரை மணி பெண்களுக்கு மாத்திரம். மெதுவாகத்தான் கேட்க வேண்டும் என்று யாரும் நிபந்தனை போடக்கூடாது. பின்னால் உட்கார்ந்திருக்கின்ற தாய்மார்கள் முன்னால் வரலாம். ஒலிபெருக்கியை நாம் கொஞ்சம் தாழ்த்தி வைத்துவிட்டு உட்காருகிறோம்.